6 வருடமாக நின்றுபோன பெட்ரோல் கோல்ஃப் கார்ட்: இன்ஜினை எழுப்ப உதவி வேண்டும்

பைன்மரத்தடி | மார்ச் 9, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஜார்ஜியாவில் பீச்ட்ரீ சிட்டியில் இருக்கிறேன். இங்கே கோல்ஃப் கார்ட் விளையாட்டு மைதானத்துக்கு மட்டும் உரிய வண்டி இல்லை. ஊர் முழுக்க ஏறத்தாழ 100 மைலுக்குத் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். மரங்களுக்கு நடுவிலும் ஏரிக்கரையிலும் போகிற அந்தப் பாதையில்தான் கடைக்குப் போவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருடம் தவறிவிட்டார். அவருடைய கார்ட்டை அவர் மனைவி எனக்குக் கொடுத்தார். கிளப் கார் டிஎஸ், பெட்ரோல் வண்டி. சீரியல் நம்பர் ஏஜி96 என்று ஆரம்பிக்கிறது, அதனால் 1996 மாடல். காவாசாகி எஃப்இ290 இன்ஜின், ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். 6 வருடமாக கராஜில் அசையாமல் நின்றிருக்கிறது. டேங்கில் அன்றைக்கு இருந்த பெட்ரோல் அப்படியே இருக்கிறது.

புது 12 வோல்ட் பேட்டரி வாங்கிப் போட்டேன். சாவியைத் திருப்பி பெடலை மிதித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. இன்ஜின் சுற்றவே இல்லை. ஒரு கடைக்கு ஃபோன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே, இன்ஜினை மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

மே முதல் வாரம் அப்பா மதுரையிலிருந்து வருகிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, நூறு அடி நடந்தால் உட்கார வேண்டும். போன முறை வந்தபோது நாலு மாதமும் ஜன்னல் வழியாகத்தான் ஏரியைப் பார்த்தார். இந்த முறை அவரைக் கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மனதில் வைத்திருக்கிறேன். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். எங்கிருந்து தொடங்குவது?

டெக்சாஸ்வெயில் | மார்ச் 9, இரவு 10:15

'டிக்' சத்தம் வந்தால் சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்) வேலை செய்கிறது என்று அர்த்தம். அதன் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவில் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பாருங்கள், சுற்றிவிடும். அப்படியே ஒரு புது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்), ஃப்யூல் பம்ப், பிளக், காயில் (பிளக்கில் பொறிக்கு மின்சாரம் தருவது) எல்லாவற்றையும் ஆன்லைனில் ஆர்டர் செய்துவிடுங்கள். என்னிடம் இ-இசட்-கோ டிஎக்ஸ்டி என்ற வேறு கம்பெனி கோல்ஃப் கார்ட் இருக்கிறது, நான் அப்படித்தான் செய்தேன். ஒரே சனிக்கிழமையில் வேலை முடிந்தது.

ஸ்பேனர்12 | மார்ச் 10, காலை 6:05

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். பம்ப்செட், ஜெனரேட்டர் இன்ஜின்கள்தான் என் பிழைப்பு, முப்பது வருடம் ஆகிறது. கோல்ஃப் கார்ட்டை நான் தொட்டதில்லை. ஆனால் காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் எந்த வண்டியில் இருந்தாலும் ஒன்றுதான்.

முதலில் அந்த ஸ்க்ரூடிரைவர் வேலையைச் செய்யாதீர்கள். நீங்கள் உட்காரும் சீட்டுக்கு அடியில் ஒரு பக்கம் பேட்டரி, இன்னொரு பக்கம் பெட்ரோல் டேங்க். பழைய ஹோஸ் எங்காவது கசிந்து ஆவி நின்றிருக்கும். அங்கே பொறி பறக்க விடக் கூடாது. நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாருக்கும் அப்படியே அமையும் என்று சொல்ல முடியாது.

பொருளும் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நின்றுபோன இன்ஜினிடம் நான் கேட்பது நாலு கேள்வி. கையால் சுற்றுகிறதா? செல்ஃபில் சுற்றுகிறதா? பிளக்கில் பொறி வருகிறதா? பெட்ரோல் போய்ச் சேருகிறதா? ஒன்றுக்குப் பதில் கிடைக்காமல் அடுத்ததற்குப் போக மாட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் ஒருவேளை ஓடும். ஓடாவிட்டால், பழைய கோளாறா, புதிதாகப் போட்ட பொருளில் கோளாறா என்று தெரியாமல் நிற்போம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இதுதான். பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள், நெகடிவ் முதலில். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள், இரண்டு பின் சக்கரமும் தரையைத் தொடக் கூடாது. வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே கை விடாதீர்கள். பிளக்கைக் கழற்றி அதன் ஓட்டை வழியாக இரண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விடுங்கள். ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் இன்ஜின் பக்கத்து கிளட்ச் புல்லியைக் கையால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று அசைத்து அசைத்துத்தான் விடுவிக்க வேண்டும்.

அப்புறம் டேங்கில் இருப்பதைக் கடைசிச் சொட்டு வரை வெளியே எடுங்கள். அதில் ஒரு கிளாஸ் மட்டும் கண்ணாடி ஜாடியில் பிடித்து வைத்து, எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பைன்மரத்தடி | மார்ச் 11, இரவு 8:30

அண்ணா, மிக்க நன்றி. சொன்னபடியே செய்தேன்.

பிளக் முழுக்கத் துருப்பிடித்த பழுப்பு நிறம். ஆயில் விட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் கால் சுற்று வந்து நின்றுவிட்டது. முன்னும் பின்னுமாகப் பத்து நிமிடம் அசைத்தேன். திடீரென்று இளகி முழுச் சுற்றும் வந்தது. அதன்பிறகு இருபது தடவை சுற்றினேன், எங்கும் பிடிக்கவில்லை. பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு சுற்றினால் விரலை நன்றாகத் தள்ளுகிறது.

டேங்கில் மூன்று கேலன் அளவுக்கு இருந்தது. பெட்ரோல் வாசமே இல்லை, வார்னிஷ் வாசம். ஜாடியில் ஊற்றி வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கிறது. மேலே தேன் நிறம், கீழே ஒரு விரல் உயரத்துக்குக் கலங்கலாக வேறொன்று. அது என்ன?

ஸ்காபரோக்குளிர் | மார்ச் 11, இரவு 9:10

அது தண்ணீரும் எத்தனாலும், தம்பி. நான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். பனி தள்ளும் மெஷின், புல் வெட்டும் மெஷின் திருத்துவது என் வேலை. வசந்தம் வந்தால் என் பட்டறைக்கு வருகிற மெஷின்களில் பாதிக்கு இதுதான் வியாதி.

அமெரிக்காவில் பம்ப்பில் அடிக்கிற சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தவுடன் இரண்டும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். டேங்கின் அடியிலிருந்துதானே குழாய் உறிஞ்சுகிறது? இன்ஜினுக்கு முதலில் போவதே அந்தத் தண்ணீர்தான். கார்புரேட்டருக்குள்ளே அது செய்கிற வேலையைப் பிறகு பார்ப்பீர்கள்.

கட்டைவிரலைத் தள்ளுகிறது என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம், இருக்கிறது. நல்ல சேதி. இன்ஜின் மாற்றச் சொன்ன கடையை மறந்துவிடுங்கள்.

பழைய பெட்ரோலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்ற வேண்டாம். உங்கள் கவுண்டியில் ஆபத்தான வீட்டுக் கழிவு வாங்குகிற நாள் இருக்கும், அங்கே கொடுங்கள்.

கம்பிச்சுருள் | மார்ச் 12, காலை 11:20

நான் மின்னியல் ஆசிரியை, சென்னை. 'டிக்' சத்தத்துக்கு நான் வருகிறேன்.

இந்த வண்டியில் செல்ஃப் மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே பெட்டிதான். பெல்ட் வழியாக இன்ஜினோடு கட்டப்பட்டிருக்கும். பெடலை மிதித்தால் ஒரு மைக்ரோ சுவிட்ச் மூடும், அது சொலினாய்டை இழுக்கும், பேட்டரி கரண்ட் அந்தப் பெட்டிக்குப் போய் அது மோட்டாராகச் சுற்றி இன்ஜினைத் தள்ளும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் அதே பெட்டி ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும். காலை எடுத்தால் இன்ஜின் நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் போல ஐட்லிங்கில் நிற்பது கிடையாது.

சொலினாய்டு இழுத்தும் சுற்றவில்லை என்றால் வழியில் எங்கோ கரண்ட் தடைபடுகிறது. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், மல்டிமீட்டர் போதும். பெடலை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கும்போது மூன்று இடத்தில் வோல்ட் அளந்து சொல்லுங்கள். ஒன்று, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே. இரண்டு, பேட்டரி பாசிடிவுக்கும் ஸ்டார்ட்டரின் பாசிடிவ் போல்ட்டுக்கும் நடுவே. மூன்று, பேட்டரி நெகடிவுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே. கடைசி இரண்டும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேட்டரி, ஸ்டார்ட்டர் என்று பெரிய பொருளை எல்லாம் மாற்றுவோம், நூறு ரூபாய் கேபிளை யாரும் பார்ப்பதில்லை. என் மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இது.

பைன்மரத்தடி | மார்ச் 12, இரவு 7:55

அக்கா, அளந்துவிட்டேன். மனைவி பெடலை மிதித்தாள், நான் மீட்டரைப் பிடித்தேன்.

பேட்டரி: 12.3
பாசிடிவ் பக்கம்: 0.3
நெகடிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே: 8.8

கம்பிச்சுருள் | மார்ச் 12, இரவு 8:20

கண்டுபிடித்தாயிற்று. 12.3-இல் 8.8 எர்த் பக்கத்திலேயே போய்விடுகிறது. ஸ்டார்ட்டருக்கு மிஞ்சுவது மூன்று வோல்ட் சொச்சம், அதில் என்ன சுற்றும்? பேட்டரி நெகடிவிலிருந்து இன்ஜின் வரைக்கும் வருகிற கேபிளின் ஒவ்வொரு முனையையும் கழற்றிப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் போல்ட்டுக்கு அடியில் பாருங்கள்.

பைன்மரத்தடி | மார்ச் 13, மாலை 6:40

இன்ஜினில் வந்து சேருகிற போல்ட்டைக் கழற்றினேன். கேபிள் முனையிலுள்ள உலோக வளையத்துக்கு அடியில் பச்சைப் பொடி. கேபிளின் தோலைக் கொஞ்சம் சீவினால் உள்ளே செம்புக் கம்பி கறுத்து, தொட்டால் உதிர்கிறது. புதுக் கேபிள் 14 டாலர். சேருகிற இடங்களை எமரித் தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். இப்போது அந்த 8.8 வெறும் 0.2.

சுற்றுகிறது! பிளக் இல்லாமல் சுற்றவிட்டேன், விட்டிருந்த ஆயிலெல்லாம் துணியில் தெறித்தது. பெட்டிகளுக்கு நடுவில் துணி போர்த்திக் கிடந்த வண்டியிலிருந்து சத்தம் வந்ததும் பக்கத்து வீட்டு அம்மா வேலி ஓரம் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

ஸ்பேனர்12 | மார்ச் 14, காலை 5:50

நல்லது தம்பி. இரண்டு கேள்வி முடிந்தது. இனி பொறி. புது பிளக் வாங்குங்கள், அதுவும் மேனுவலில் போட்டிருக்கிற அதே நம்பர். முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மிமீ வையுங்கள். பிளக்கின் உடம்பை ஒரு ஒயரால் இன்ஜினோடு கட்டி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும், அதற்கு நேராகப் பொறி பறக்கக் கூடாது. நிழலில் பார்த்தால் நீல நிறத்தில் 'சட் சட்' என்று தெரிய வேண்டும்.

பைன்மரத்தடி | மார்ச் 15, மாலை 4:10

புது பிளக். பொறி இல்லை. ஒரு பொட்டுக் கூட இல்லை. காயில் போய்விட்டதா?

டெக்சாஸ்வெயில் | மார்ச் 15, மாலை 4:35

காயில்தான். ஆர்டர் செய்யுங்கள்.

கம்பிச்சுருள் | மார்ச் 15, மாலை 5:30

கொஞ்சம் பொறுங்கள். காயிலை வாங்குவதற்கு முன்னால் ஒரே ஓர் ஒயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பெடலிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் எப்படி நிற்கிறது? பொறியை நிறுத்தித்தான் நிற்கிறது. இக்னிஷனிலிருந்து வருகிற ஒரு ஒயர் எர்த்தைத் தொட்டால் பொறி செத்துவிடும். கில் ஒயர் என்பார்கள். அது போகிற வழியில் எங்காவது தோல் கிழிந்து சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் பெடலை எவ்வளவு மிதித்தாலும் 'நில்' என்ற கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜின் பக்கத்தில் அந்த ஒயரின் கனெக்டரை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். பொறி வந்தால் காயில் நல்லபடியாக இருக்கிறது.

ஒன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். அந்த ஒயர் பிரிந்திருக்கும்போது இன்ஜின் ஓட ஆரம்பித்தால், காலை எடுத்தாலும் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதனால் இந்தச் சோதனை பிளக் வெளியே இருக்கும்போது மட்டும்தான். முடிந்ததும் ஒயரைச் சேர்த்துவிட வேண்டும்.

பைன்மரத்தடி | மார்ச் 15, இரவு 9:25

பொறி வந்துவிட்டது அக்கா! நல்ல நீலம்.

ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பின் சீட்டுக்கு அடியில் சேஸிஸை ஒட்டிப் போகிற இடத்தில் இரண்டு அங்குலத்துக்குத் தோலே இல்லை. எலி கடித்திருக்கிறது. பக்கத்தில் புழுக்கையும் கிடக்கிறது. வெட்டி, புது ஒயர் சேர்த்து, சூட்டில் சுருங்குகிற உறை போட்டு மூடிவிட்டேன். கனெக்டரைச் சேர்த்த பிறகும் பொறி வருகிறது. நாளைக்கு பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யலாமா?

ஸ்காபரோக்குளிர் | மார்ச் 15, இரவு 9:40

தம்பி, வேண்டாம். எலி என்று சொன்னீர்கள், உடனே எழுதுகிறேன். இன்ஜினை மூடியிருக்கிற தகர உறையைக் கழற்றி உள்ளே வடிவாகப் பாருங்கள். பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

இதில் ரேடியேட்டர் இல்லை. ஃப்ளைவீலில் இருக்கிற விசிறி காற்றை இழுத்து அந்த உறைக்குள்ளாகத் தள்ளும். சிலிண்டரின் துடுப்புகளுக்கு நடுவே அது போனால்தான் சூடு இறங்கும். எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. மழை படாது, பூனை வராது. துடுப்புகள் அடைந்திருந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், அழகாகக் கூட ஓடும். பிறகு சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். இப்படி ஆறு மாதம் சும்மா நின்ற நல்ல மெஷின்களை முதல் நாளிலேயே கொன்றுவிட்டு என்னிடம் கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர்.

பைன்மரத்தடி | மார்ச் 16, மாலை 5:15

அண்ணா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

உறைக்குள் ஒரு வாளி நிறைய இருந்தது. பைன் ஊசியிலை, சீட்டிலிருந்து பிய்த்த பஞ்சு, ஓக் கொட்டை. சிலிண்டரின் ஒரு பக்கத்துத் துடுப்பு கண்ணுக்கே தெரியவில்லை. கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துத்தான் எடுத்தேன். எலிப் புழுக்கைத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஏர் ஃபில்டர் பெட்டியிலும் பாதி கூடு. ஃபில்டரை மாற்றிவிட்டேன்.

நேற்றே ஸ்டார்ட் செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

பழையவண்டிப்பிரியை | மார்ச் 17, காலை 7:00

இழையை முதல் நாளிலிருந்து படித்து வருகிறேன். பெடலை மிதித்தால் ஸ்டார்ட் ஆகிற விஷயம் வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றியது. ஹார்லி டேவிட்சன் 1963 முதல் கோல்ஃப் கார்ட் செய்தது. பெரும்பாலும் மூன்று சக்கரம், இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் ரிவர்ஸ் கியரே கிடையாது! வண்டி நின்று, இன்ஜினும் நின்று, பிறகு ஸ்டார்ட்டர் அதே இன்ஜினை எதிர்த் திசையில் சுற்றி எழுப்பும். இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் எந்தத் திசையிலும் ஓடும். உங்கள் நாலு ஸ்ட்ரோக்கில் வால்வு திறக்கும் வரிசை இருப்பதால் அது நடக்காது. அதனால்தான் உங்கள் வண்டியில் பின்னால் போக கியர்பெட்டி வேண்டியிருக்கிறது. அந்த ஹார்லி வண்டி ஒன்றை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

பைன்மரத்தடி | மார்ச் 17, இரவு 8:45

இன்று மூன்றே நொடி ஓடியது! கராஜ் கதவைத் திறந்து, வண்டியை வெளியே தள்ளி வைத்துத்தான் செய்தேன். பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் புதுப் பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி, பெடலை மிதித்தேன். 'டுப் டுப் டுப்' என்று பிடித்து நின்றுவிட்டது. மறுபடி செய்தாலும் அதே மூன்று நொடி. டேங்கில் புதுப் பெட்ரோல் இருக்கிறது.

ஸ்பேனர்12 | மார்ச் 18, காலை 6:00

சந்தோஷம் தம்பி. இன்ஜின் உயிரோடு இருக்கிறது. கையால் ஊட்டியதைச் சாப்பிட்டது, தானாகக் கிடைக்கவில்லை. நாலாவது கேள்விக்கு வந்துவிட்டோம்.

டெக்சாஸ்வெயில் | மார்ச் 18, காலை 8:20

இப்போதாவது புது கார்புரேட்டர் வாங்கலாம் அல்லவா? ஆன்லைனில் 40 டாலர். சுத்தம் செய்ய அரை நாள் போகும். மே மாதம் நெருங்குகிறது.

ஸ்காபரோக்குளிர் | மார்ச் 18, காலை 10:05

நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உள்ளே உலோகம் அரித்துக் குழி விழுந்திருந்தால் நானும் மாற்றச் சொல்வேன். ஆனால் மலிவான நகல்களில் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு) ஓட்டை அளவு தப்பாக வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பெட்ரோல் குறைந்து ஓடினால் காற்றில் குளிர்கிற இன்ஜினுக்குச் சூடு கூடும். அசல் உடம்பு நன்றாக இருந்தால் அதைச் சுத்தம் செய்து, கேஸ்கெட்டும் ஊசி வால்வும் மட்டும் மாற்றுவது மேல்.

தம்பி, கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஸ்ப்ரிங்கும் கம்பியும் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று ஃபோனில் படம் எடுங்கள். கீழே இருக்கிற கிண்ணத்தைக் கழற்றினால் பச்சையாக, பிசின் போல இருக்கும். கிண்ணத்தில் மிதக்கிற ஃப்ளோட்டைக் கையில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் வந்தால் அது ஓட்டை. மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், வட்டமான ஒளி தெரிய வேண்டும். பைலட் ஜெட்தான் ஏமாற்றும். அதன் ஓட்டை தலைமுடி அளவு. எல்லாரும் மெயின் ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். மெல்லிய செம்புக் கம்பியின் ஒரே ஓர் இழையை விட்டுப் பாருங்கள். ஊசியோ டிரில்லோ விட வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் க்ளீனரை ஒவ்வொரு துளையிலும் அடித்து மறுபக்கம் எங்கே வெளியே வருகிறது என்று கவனியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது நேரே முகத்துக்கு வரும்.

பைன்மரத்தடி | மார்ச் 22, மாலை 6:30

இரண்டு நாள் எடுத்தது. பைலட் ஜெட் முழு அடைப்பு, சொன்னது போலவே. க்ளீனரில் ஊறவைத்து மூன்றாவது முயற்சியில்தான் ஒளி தெரிந்தது. உலோகத்தில் குழி இல்லை.

இன்றைக்கு ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடம் சீராக ஓடியது. வீட்டில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அப்புறம் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கி நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்து மிதித்தால் மறுபடி அரை நிமிடம். அப்புறம் நின்றது.

ஸ்பேனர்12 | மார்ச் 23, காலை 5:45

கிண்ணத்தில் இருந்ததைக் குடித்து முடித்ததும் நிற்கிறது. வந்து சேருவது செலவுக்குப் போதவில்லை. இரண்டு இடம் பாருங்கள். நிற்கப் போகும்போது டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். மூடியின் காற்று ஓட்டை அடைந்திருந்தால் டேங்கில் வெற்றிடம் பிடித்துக்கொள்ளும், மூடியைத் திறந்ததும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் பம்ப்.

இந்த மாதிரி இன்ஜினில் பம்ப்புக்கு மோட்டார் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதற்குக் கீழே இருக்கிற கிராங்க் கேஸ் என்ற அறையில் காற்று அழுத்தம் கூடிக் குறையும். அந்தத் துடிப்பை ஒரு சின்ன ஹோஸ் பம்ப்புக்குக் கொண்டுபோகும், பம்ப்புக்குள் இருக்கிற டயஃப்ரம் அதற்கேற்பத் துடித்துப் பெட்ரோலைத் தள்ளும். அந்தத் துடிப்பு ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும், பம்ப் சோர்ந்துவிடும். பெட்ரோல் ஹோஸ் என்றால் கசிந்து காட்டிக்கொடுக்கும். இதில் காற்றுதான் போகிறது, கண்ணுக்குத் தெரியாது. பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி ஜாடிக்குள் விட்டு, பிளக் கேப்பை எடுத்து எர்த் செய்துவிட்டு, சுற்றிப் பாருங்கள். விட்டு விட்டு வேகமாகப் பீய்ச்ச வேண்டும்.

ஸ்காபரோக்குளிர் | மார்ச் 23, காலை 9:30

அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டயஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் அந்தத் துடிப்பு ஹோஸ் வழியாகவே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். ஆயில் அளவு பார்க்கிற குச்சியை (டிப்ஸ்டிக்) எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தாலோ அளவு கூடியிருந்தாலோ ஆயிலை மாற்றாமல் ஓட்ட வேண்டாம். ஆயில் தண்ணீராகி பேரிங் போய்விடும்.

பைன்மரத்தடி | மார்ச் 24, இரவு 8:00

மூடியைத் தளர்த்தினால் மாற்றம் இல்லை. ஜாடியில் பீய்ச்சவில்லை, சொட்டுகிறது. துடிப்பு ஹோஸை வளைத்துப் பார்த்தேன், வளைவின் உள்பக்கத்தில் குறுக்கே வெடிப்பு. டயஃப்ரம் அட்டை போல விறைத்திருக்கிறது, ஆனால் கிழியவில்லை. டிப்ஸ்டிக்கில் வாசமும் இல்லை. புது பம்ப், மூன்று ஹோஸ், ஃபில்டர், கிளாம்ப் எல்லாம் ஆர்டர் செய்துவிட்டேன். எப்படியும் 6 வருடம் பழைய ஆயில், அதையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றப் போகிறேன்.

பைன்மரத்தடி | மார்ச் 30, மதியம் 1:20

ஓடுகிறது!

இருபது நிமிடம் நிற்காமல் ஓடியது. சீட்டைத் தூக்கி, கியர் லிவருக்குப் பின்னால் இருக்கிற கேம் என்ற சின்னத் துண்டைப் பராமரிப்பு நிலைக்குத் திருப்பி, நியூட்ரலில் வைத்து ஓட்டினேன். மிதிக்கும்போது பேட்டரியில் 14.3 வோல்ட் காட்டுகிறது, சார்ஜும் ஏறுகிறது. இன்ஜின் சூடானதும் அணைத்து ஆயிலை மாற்றினேன். கறுப்பாக வந்தது, இரும்புத் துகள் இல்லை.

மொத்தச் செலவு, பேட்டரியோடு சேர்த்து 231 டாலர்.

டெக்சாஸ்வெயில் | மார்ச் 30, மதியம் 1:45

மனமார்ந்த வாழ்த்துகள். காயிலை ஆர்டர் செய்யச் சொன்னேன், அது தேவையே படவில்லை. என் டிஎக்ஸ்டியில் இரட்டை சிலிண்டர் ராபின் இன்ஜின், அதில் டைமிங் பெல்ட் உண்டு, அதன் வயது எனக்குத் தெரியாது. இந்த வாரம் உறையைக் கழற்றி அதையும் பார்க்கிறேன், எலிக்கூட்டையும் பார்க்கிறேன்.

ஸ்பேனர்12 | மார்ச் 31, காலை 6:10

தம்பி, வாழ்த்துகள். அப்பாவை உட்கார வைப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. இன்ஜின் ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஓடுகிற வண்டி நிற்க வேண்டும். பின் சக்கர டிரம்மைக் கழற்றி பிரேக் ஷூ, ஸ்ப்ரிங், கேபிள் மூன்றையும் பாருங்கள். ஈரத்தில் நின்ற கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்திருக்கும், மிதித்தால் பிடிக்கும், விட்டால் திரும்பாது. டயரில் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 6 வருடம் ஒரே இடத்தில் நின்ற டயர். ஏரிக்கரை என்றால் இறக்கம் இருக்கும்.

பைன்மரத்தடி | ஏப்ரல் 12, இரவு 9:00

ஒரு பக்கக் கேபிள் சரியாக அண்ணா சொன்ன மாதிரியே. இரண்டு கேபிளும் நாலு டயரும் புதிது. இதற்கு இன்ஜினைவிட அதிகம் செலவானது, மனது நிம்மதியாக இருக்கிறது. நகராட்சியில் பதிவு செய்து ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று. இனி எத்தனால் கலக்காத பெட்ரோல்தான். படகுக்காரர்களுக்கு விற்கிற பங்க் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது.

பைன்மரத்தடி | மே 9, இரவு 10:30

அப்பா வந்துவிட்டார். இன்று மாலை ஏரிக்குப் போனோம். பக்கத்து வீட்டு அம்மாவும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். கரையில் நிறுத்தியதும், இந்த இடத்தில்தான் அவர் எப்போதும் நிறுத்துவார் என்று சொன்னார். அப்பாவுக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனாலும் திரும்பி அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

அப்பா 28 வருடம் லாரி ஓட்டியவர். திரும்பி வரும்போது மேட்டில் நிறுத்தி எடுத்தேன், ஒரு நொடி 'கீச்' என்றது. "பெல்ட் தளர்ந்திருக்கு, புதுசா போட்டியா?" என்று கேட்டார். நான் பெல்ட்டை மாற்றவே இல்லை. பழசு என்றேன். "அப்போ நாளைக்கே மாத்து" என்றார்.

ஸ்பேனர்12 | மே 10, காலை 5:40

அப்பா சொன்னது சரி. ஸ்டார்ட்டர் பெல்ட் அது. அதை எழுத நான் விட்டுவிட்டேன். புது பெல்ட் போட்டு ஒரு வாரம் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும், புதிது கொஞ்சம் நீளும்.

பைன்மரத்தடி | மே 18, இரவு 8:15

மாற்றி, ஒரு வாரம் ஓட்டி, இன்று மறுபடி இறுக்கினோம். ஸ்பேனர் அப்பா கையில், டார்ச் என் கையில். சத்தம் இல்லை. மீட்டரில் 14.3.